இரும்புச் சீவல்

சுண்டுவிரலைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் பால்மர் அதைத் துப்பாக்கிக் குழலின் பின்வாயில் விடுவார். கண்ணை மூடிக்கொண்டு, தோட்டா போய் உட்காரும் அறையின் சுவரை விரல்நுனியால் ஒரு சுற்று தடவி, வெளியே எடுத்து முகர்ந்து பார்ப்பார். வந்தவரிடம் சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வந்தவர் பெரிய பண்ணைக்காரராக இருந்தாலும் சரி, ஷெரீப்பாக இருந்தாலும் சரி, அதுவரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "துப்பாக்கி கொண்டாந்தவன் ஆயிரம் கதை சொல்லுவான். ஓட்டைக்குக் கதை சொல்லத் தெரியாது" என்பார்.

எழுபதைத் தாண்டிய ஓமக்குச்சி உடம்பு. பட்டறை, முன்பு வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த கட்டிடம். மழை பெய்தால் சுவரில் இன்னமும் மோர் வாடை வரும். ஜன்னலோரம் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் காடியில் ஊறும் முட்டை, இன்னொன்றில் வெட்டும்போது ஊற்றுகிற எண்ணெய். தெரியாமல் இரண்டாவதில் கைவிட்டவர்கள் உண்டு. பால்மர் முன்கூட்டிச் சொல்லவே மாட்டார். காபியை முழுக்க ஆறவிட்டுத்தான் குடிப்பார். சூடான காபி கையை நடுங்கவைக்கும் என்று ஒரு கட்சி.

ஒரு நேரத்தில் ஒரே தோட்டா கொள்ளும் ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிதான் அவருக்குத் துப்பாக்கி. மற்றதையும் பழுதுபார்ப்பார், ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "அடுத்த குண்டு இருக்குன்னு தெரிஞ்சா முதல் குண்டுக்கு மரியாதை போயிடும்" என்பார். இந்தப் பக்கத்தில் தோட்டாவை அது கொள்ளும் கரிமருந்தின் அளவைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எழுபது குட்டை, தொண்ணூறு நெட்டை, பருமன் இரண்டுக்கும் ஒன்று. எழுபதுக்கு வெட்டிய அறையைத் தொண்ணூறுக்கு நீட்டுவது பால்மரின் கைராசி வேலை. மோண்டானா மாநிலத்தின் இந்தக் கோடியில் அந்த வேலைக்கான ரீமர் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. வரிவரியாகப் பல் வைத்த எஃகுக் கோல் அது. லேத் இருந்தும் அதில் மாட்டமாட்டார். குழலைப் பின்வாய் மேலே பார்க்கும்படி வைஸில் நிறுத்திவைத்து, கைப்பிடியைப் பிடித்துக் கையாலேயே சுற்றுவார். பின்வாயில் தோட்டாவின் விளிம்பு உட்காரவென்று வெட்டிய படி ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கினாலும் குழல் பாழ்.

ரீமர் உள்ளே இறங்கிவிட்டால் பட்டறையில் பேச்சு கிடையாது. மாட்டு விலை சொல்லிக்கொண்டிருக்கும் ரேடியோவின் வாய் அடைக்கப்படும். டெலிபோன் அடித்தால் எடுக்கமாட்டார். "அவசரம்னா மறுபடி அடிப்பான். சாவுச் செய்தின்னா அப்புறம் என்ன அவசரம்?"

அவருடைய இன்னொரு வழக்கம் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். வெட்டும்போது உதிரும் இரும்புச் சீவலை ஒன்று விடாமல் ஜாம் பாட்டில் மூடியில் சேர்த்துவைப்பார். வேலை முடிந்ததும் துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் கையை நீட்ட வேண்டும். அந்த உள்ளங்கையில் சீவலைக் கொட்டுவார். "வெட்டின இரும்பு மயிரா, திரும்ப முளைக்க? உங்ககிட்டேர்ந்து நான் எடுத்தது இவ்வளவு. பாத்துக்குங்க." ஆளனுப்பி வாங்கிக்கொள்கிற பேச்சே கிடையாது. காளை முட்டி இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பண்ணைக்காரரை, பிக்கப்பை எடுத்துக்கொண்டு தேடிப்போய், நர்சுகள் பார்த்துக்கொண்டிருக்க கை நீட்டச் சொல்லிக் கொட்டிவிட்டு வந்தவர் அவர்.

இத்தனை கெட்டிக்காரருக்கும் ஊர் வைத்த பெயர் 'ரெண்டாவது பால்மர்'. ஜூன் மாதம் மேட்டுக்காட்டில் ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகளின் போட்டி நடக்கும். எதிர்க் குன்றில் எருமை உருவத்துக்கு வெட்டிய இரும்புத் தகடுகள் நிற்கும். பட்டால் ஓசை இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு மூச்சு விட்டுவிடலாம். அதில் முதலாவது எப்போதும் ஆர்டிஸ். கணவர் போன பிறகு மாட்டுப் பண்ணையைத் தனி ஒருத்தியாகக் கட்டி ஆள்கிறவள். பால்மரும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவள் புல் சாய்வதைப் பார்த்தே காற்றை எடைபோட்டுவிடுவாள். அவளுடைய எழுபதின் குழலில் அடிப்பக்கம், முந்தைய சொந்தக்காரர் யாரோ தப்பாகத் துளைத்த ஒரு சின்னத் துளை இருந்தது. அதை அடைத்துத் தரச் சொன்னாள். தன்னை முதல் தடவை தோற்கடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டையே அவளிடம் கேட்டு வாங்கி, அதிலிருந்து ஒரு முளை செய்து அடைத்தார் பால்மர். கருத்த இரும்பில் மூக்குத்தி போட்டாற்போல மின்னும். "என் தோல்விய உன் துப்பாக்கியிலயே அடிச்சுவெச்சிட்டேன். இனிமே வெளிய வராது" என்றார். அந்த வருஷமும் அவள்தான் ஜெயித்தாள்.

இந்த ஜூனுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியான வேளையில் வெஸ்லி பட்டறைக்குள் வந்தான். ஆர்டிஸின் மகள் டேனாவைக் கட்டிக்கொண்டு அதே பண்ணையில் இருக்கிற வீட்டோட மாப்பிள்ளை. நல்ல உழைப்பாளி, ஆனால் ஊரில் யாரும் அவனை வெஸ்லி என்று கூப்பிட்டதில்லை. 'ஆர்டிஸ் மாப்பிள்ளை' என்றால்தான் தெரியும். அவன் கொண்டுவந்தது முழுத் துப்பாக்கி இல்லை, குழல் மட்டும். குறிபார்க்கும் பாகங்களைக் கழற்றியிருந்தான். டிராக்டருக்குப் போடும் கறுப்புக் கிரீஸைத் தலையிலிருந்து கால்வரை அப்பியிருந்தான்.

பால்மர் சுண்டுவிரலைத் துடைத்து உள்ளே விட்டார். முகர்ந்தார். விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தார். அறை முடிகிற இடத்தைச் சற்றுத் தாண்டி, மோதிரம் பதிந்த விரல் போல, உள்சுவரைச் சுற்றி ஒரு வளையம் உப்பியிருந்தது.

"மருந்துக்கு மேல பஞ்ச அடைச்ச மகாராசன் யாரு தம்பி?"

"தெரியலைங்க பெரியவரே. நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"யார்கிட்ட வாங்கின?"

"க்ளென்டைவ்ல ஒருத்தர்கிட்ட."

"தலகாணியக் கிழிச்சிருப்பாரு. வீட்டம்மா சும்மாவா விட்டா?"

சத்தம் குறையட்டும் என்று மருந்தைக் குறைத்துப் போட்டு, அது கூட்டுக்குள் உருளாமல் இருக்க மேலே பஞ்சை அடைப்பது இங்கே பலரும் செய்கிற காரியம். சில சமயம் அந்தப் பஞ்சு ஈயக்குண்டின் அடியில் போய் மோத, அந்த இடத்தில் எஃகே வீங்கி வளையம் போட்டுவிடும். இது தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தும் வருஷத்துக்கு ஒருவராவது செய்வார். அதற்கு ஒரே மருந்து, அறையைத் தொண்ணூறுக்கு நீட்டி, வளையத்தையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடுவது. வளையம் அந்த நீளத்துக்குள் இருந்தால் குழல் பிழைக்கும், தாண்டியிருந்தால் வேலிக்கம்புதான். வெஸ்லி கேட்டதும் அந்த வேலையைத்தான். இன்றைக்கே வேண்டும் என்றான்.

"இப்பவேவா? கல்யாணமா?"

"இல்லைங்க, போட்டிக்கு முன்னாடி சுட்டுப் பாக்கணும்."

வாலிபன் ஒருவன் போட்டிக்கு வருகிறானே என்று பால்மருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ரேடியோவை அணைத்தார். குழலை நிறுத்தி வைஸை இறுக்கினார். எண்ணெய் ஊற்றி ரீமரை இறக்கினார். அரைச் சுற்று, இன்னொரு அரைச் சுற்று, வெளியே எடுத்து சீவலை மூடியில் தட்டல், மறுபடி எண்ணெய். வெஸ்லி சுவரோரம் நின்று நகத்தைக் கடித்தான். ஒரு தடவை டெலிபோன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

ஊற்றிய எண்ணெய் குழலின் வெளிப்பக்கமாக வழிந்து, போகிற வழியில் கிரீஸைக் கரைத்துக்கொண்டு போனது. பாதி ஆழம் வெட்டிவிட்டு, சீவலைத் தட்டக் குனிந்தபோதுதான் பால்மர் கண்டார். கறுப்புக்கு நடுவே மஞ்சளாக ஒரு புள்ளி. கட்டைவிரலால் தேய்த்தார். மூக்குத்தி பளிச்சென்று அவரைப் பார்த்தது.

ரீமரை மெல்ல மேஜைமேல் வைத்தார். விளக்கைக் கிட்டே பிடித்து இன்னொரு தடவை பார்த்தார்.

"டேய். இது ஆர்டிஸோடது."

வெஸ்லி சுவரை விட்டு நகர்ந்து வந்தான். பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். ஆர்டிஸ் கண் ஆபரேஷனுக்காக பில்லிங்ஸ் நகரத்துக்குப் போயிருந்தாள். புரை விழுந்த வலது கண்ணை இந்த ஜூனுக்காகவே சரிசெய்துகொள்ளப் போனாள். அவள் இல்லாத நேரத்தில் பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்திருக்கிறான்.

"ஒரு தடவையாவது அந்த எருமையை நான் அடிக்கணும்ங்க. யாருக்கும் தெரியாம பழகிட்டு, அன்னிக்குப் போய் நின்னு அடிக்கணும். வெடிச்சத்தம் வீட்டுக்குக் கேட்டுடும்னுதான் மருந்தைக் கொறச்சுப் போட்டு..."

"பஞ்ச அடைச்சே."

"அத்தை ஆயிரம் வாட்டி சொல்லியிருக்காங்க, செய்யாதேன்னு."

"சரி, நாளைக்கு நீட்டின அறையில அவ குட்டை எழுபதைப் போட்டு, குண்டு எங்கயோ போனா என்னடா சொல்லுவே?"

"தொண்ணூறா மாத்தியிருக்கேன், இன்னும் தூரம் போகும், ஆபரேஷன் ஆகி வந்ததுக்கு என்னோட பரிசுன்னு..."

"அடப்பாவி! அந்தக் கெழட்டுத் தோள்பட்டையில தொண்ணூறு ஒதைச்சா என்ன ஆகும்? அவ குழலையே வெட்டி அவளுக்கே பரிசா?"

கத்திவிட்டு பால்மர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரை உட்காரவைத்தது வெஸ்லியின் பொய் இல்லை. குழல் இப்போது எழுபதும் இல்லை, தொண்ணூறும் இல்லை. இப்படியே விட்டால் எதற்கும் உதவாது. மேலே வெட்டினால் வளையம் போனாலும் போகும், போகாமலும் போகும். போகவில்லை என்றால் இந்த ஜூனில் ஆர்டிஸ் கிடையாது. ஊர் வாய் சும்மா இருக்குமா? தபாலாபீஸ் வாசலிலேயே சொல்லுவார்கள், ஜெயிக்க வக்கில்லாத ரெண்டாவது பால்மர் அவள் குழலிலேயே கையை வைத்துவிட்டான் என்று. அதைவிடக் கேவலமான ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. அவள் இல்லையென்றால் இந்த வருஷம் யார் முதல்? அந்த நினைப்பு தனக்கு வந்ததே என்று அவருக்குக் கூசியது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பெரியவரே, காலப் புடிச்சுக்கறேன். முடிச்சுக் குடுத்துடுங்க. சொல்லிடாதீங்க."

"வயித்தைக் கிழிச்ச டாக்டர் தைக்காம எந்திரிக்க முடியாது. முடிக்கிறேன். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வராது, அது உன் குடும்ப விவகாரம். ஆனா சீவலை யார் கையில கொட்டுவேன்னு உனக்குத் தெரியும். அதுக்குள்ள நீயே சொல்லிடு."

மறுபடி டெலிபோன் அடித்தது. பால்மர் எழுந்து ரீமரைத் துடைத்து உள்ளே இறக்கினார்.

சற்று நேரத்தில் வெளியே சரளைக்கல் நொறுங்கியது. ஒரு பிக்கப் வந்து நின்றது. கதவு சாத்தப்பட்ட விதத்திலேயே யாரென்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. வெஸ்லி பாய்ந்துபோய், மேஜைமேல் கிடந்த அழுக்குத் துணியை எடுத்துக் குழலைச் சுற்றிக் கட்டினான்.

ஆர்டிஸ் உள்ளே வந்தாள். வலது கண்மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. அந்தக் கண்ணோடு தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"யோவ் பால்மர், காது செவுடாயிடுச்சா? எத்தனை தடவை..."

ரீமரின் கைப்பிடி அவர் கையில் இருப்பதைப் பார்த்தாள். பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பட்டறையின் சட்டத்தை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துணி சுற்றிய குழலை நல்ல கண்ணால் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். பிறகு பால்மரின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால்மர் கைப்பிடியை மறுபடி சுற்றினார். அரைச் சுற்று. பற்கள் எஃகைக் கடிக்கும் அந்த ஒரே சீரான முனகல் விரல் வழியாக முழங்கைக்கு ஏறியது. இன்னொரு அரைச் சுற்று. திடீரென்று கைப்பிடி லேசாகியது. வீங்கிய இடத்தில் பற்களுக்குக் கடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. வளையம் வந்துவிட்டது. வந்தது சரி, முடியுமா? விளிம்பின் படிக்கு இன்னும் கொஞ்சமே மிச்சம். அதற்குள் மறுபடி கடிக்க ஆரம்பித்தால் வளையம் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். கால் சுற்று. லேசாகவே இருந்தது. இன்னொரு கால் சுற்று. அதுவும் லேசு. உதட்டுக்கு மேல் பூத்த வேர்வையைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலுக்கு மட்டும் தெரியும்படி ஒரு திருகு திருகினார்.

பல் கடித்தது.

சுற்று முழுக்க, எல்லாப் பக்கமும், ஒரே சீராக முனகியது. விளிம்பு தன் படியில் போய் உட்கார, பால்மர் நிறுத்தினார். ரீமரை உருவினார். துணி கட்டிய கோலை விட்டு அறையைத் துடைத்தார். விளக்கைப் பிடித்துக் குனிந்தார். வளையம் இருந்த சுவடே இல்லை. உள்சுவர் தெளிந்த கிணற்றுத் தண்ணீர் போல இருந்தது. குழல் பிழைத்துவிட்டது. ஆனால் ஆர்டிஸின் எழுபது செத்துவிட்டது. அதுவும் அவர் கையால்.

பேசலாம் என்பதற்கு அடையாளமாக ரேடியோவைத் திருகினார்.

"இப்ப சொல்லலாமா?" என்றாள் ஆர்டிஸ். "வீட்டுக்கு வந்து பீரோவைத் தெறந்தேன். துப்பாக்கிக் கட்டை இருக்கு, விசைப் பூட்டு இருக்கு, குழலக் காணோம். எந்தத் திருடன்யா குழல மட்டும் திருடுவான்? அதான் உனக்குப் போன் போட்டேன். குழல மட்டும் தூக்கிட்டு ஒருத்தன் எங்க போவான், சொல்லு?"

பால்மர் மூடியில் சேர்ந்திருந்த சீவலை விரலால் ஒதுக்கி ஒதுக்கிக் கூட்டினார். சொன்ன சொல் சொன்ன சொல்தான். வெஸ்லியைப் பார்த்தார்.

ஆர்டிஸும் பார்த்தாள். அவள் குரல் எதிர்பாராதபடி தணிந்திருந்தது. "இது யாரோடதுப்பா? உன்னோடதா?"

தப்பிக்க அவள் திறந்துவைத்த கதவு அது. சின்னக் குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டாள். ரேடியோவில் ஒருவர் காளைக் கன்றுகளின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெஸ்லி குழலில் கட்டிய துணியை இன்னும் இறுக்கினான்.

"ஆமாங்க அத்தை" என்றான். "க்ளென்டைவ்ல வாங்கினது."

"அப்படியா? அப்ப கைய நீட்டுப்பா. சொந்தக்காரன் கையிலதான கொட்டுவாரு?"

வெஸ்லி கையை நீட்டினான். உள்ளங்கையில் டிராக்டர் கிரீஸ் ரேகை ரேகையாக ஓடியிருந்தது.

பால்மர் ஜாம் மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நீட்டியிருந்த அந்தக் கையைத் தாண்டினார். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஆர்டிஸின் முன்னால் போய் நின்று, அவள் மடியில் கிடந்த வலது கையைத் தானே எடுத்து விரித்து, அதில் மூடியைக் கவிழ்த்தார். சுண்டுவிரலைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, மூடியின் முதுகில் தட்டினார், ஒட்டியிருந்த கடைசித் துணுக்கும் விழும்வரை.